நான்கு ஆண்டுகளாகியும் பூக்காத பியோனி: ஆழமா, நிழலா, நோயா?

ஸ்காபரோ செல்வி (2025 ஜூன் 14)

அனைவருக்கும் வணக்கம். இங்கே கனடாவில் எங்கள் வீட்டு முன்புறத்தில் நிற்கும் பியோனி (peony) என்ற பூச்செடி ஒன்றைப் பற்றி, இதை வளர்த்துப் பழகியவர்களிடம் கேட்டு அறிய விரும்புகிறேன். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில், சட்டியில் வளர்ந்திருந்த ‘சாரா பெர்னார்ட்’ வகைச் செடியை வாங்கி, வாசற்படியின் இடப்பக்கம் நட்டேன். அன்று முதல் அது ஒவ்வோர் ஏப்ரலிலும் செந்நிறத் தளிர்களோடு மண்ணைப் பிளந்துகொண்டு வருகிறது. மே முடிவதற்குள் இரண்டரை அடி உயரத்துக்கு அடர்ந்துவிடுகிறது. இலைகளில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் இதுவரை ஒரு பூவைக்கூட நான் கண்டதில்லை.

முதல் இரண்டு வசந்தங்களிலும் மொட்டே வரவில்லை. சிறிய செடிதானே என்று பொறுத்திருந்தேன். சென்ற ஆண்டு ஆறு மொட்டுகள் வந்தன. பட்டாணி அளவுக்கு மேல் வளராமல் பழுப்பாகிக் காய்ந்தன. இந்த ஆண்டு வந்த நான்கில் மூன்று அதே வழியில் போயின. ஒன்று மட்டும் பெரிய நெல்லிக்காய் அளவுக்குப் பருத்தது. கடந்த வாரம் தொடர்ந்து பெய்த மழைக்குப் பிறகு அதுவும் கறுத்துத் தலை சாய்ந்துவிட்டது.

செடி நிற்கும் இடத்தில் காலையிலிருந்து ஏறத்தாழ பதினொரு மணி வரை வெயில் விழும். அதன் பிறகு பக்கத்து வீட்டு நோர்வே மேப்பிளின் நிழல் வந்துவிடும். ஒவ்வொரு வசந்தத்திலும் அடியைச் சுற்றி மரச்சீவல் போடுகிறேன். புல்தரைக்கு இடும் பசளையில் ஒரு கைப்பிடி இதற்கும் போய்ச் சேரும். மொட்டு வந்தாலே எறும்புகள் மொய்த்துவிடுவதால், அவைதான் மொட்டைக் கெடுக்கின்றன என்று எண்ணி, மாமியார் சொன்னபடி மஞ்சள் கரைத்த நீரைத் தெளித்தேன். பின்னர் எறும்புத் தூளும் போட்டேன். பலன் இல்லை. எதிர்வீட்டு இத்தாலிய மூதாட்டியின் முற்றத்தில் எந்தக் கவனிப்பும் இல்லாமல் முப்பது நாற்பது பூக்கள் ஒன்றாக விரிந்து நிற்பதைப் பார்க்கும்போதுதான் மனம் ஆறவில்லை. இந்தச் செடியைப் பிடுங்கி எறிவதா, வேறு இடத்தில் வைப்பதா, இன்னும் பொறுப்பதா?


மார்க்கம் கொல்லைக்காரர் (2025 ஜூன் 14)

வணக்கம் செல்வி. பிடுங்கி எறிய வேண்டாம். இலை நிறைந்து பூவில்லாமல் நிற்கும் பியோனியை யார் காட்டினாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: முளைக்கண்கள் எத்தனை அங்குல ஆழத்தில் இருக்கின்றன?

நாம் ஊரில் இஞ்சி, மஞ்சள் துண்டுகளை நட்டுப் பழகியவர்கள். துண்டு மண்ணுக்குள் நன்றாக மறைந்தால் போதும் என்ற பழக்கம் கையில் ஊறியிருக்கிறது. பியோனி அப்படியன்று. அதன் கிழங்குபோன்ற தடித்த வேர்களின் உச்சியில், இளஞ்சிவப்பாக, பல்முனை அளவில் அடுத்த ஆண்டுக்கான முளைக்கண்கள் இருக்கும். அந்தக் கண்களுக்கு மேலே ஓர் அங்குலம், மிஞ்சினால் இரண்டு அங்குலம் மண் இருக்கலாம். அதைவிட ஆழமாகிவிட்டால், பனிக்காலக் குளிர் கண்களுக்கு உரியபடி எட்டுவதில்லை. செடி சாகாது, ஆண்டுதோறும் இலைவிட்டு நிற்கும், பூக்க மட்டும் மாட்டாது.

சட்டியில் வாங்கிய செடிகளில் இந்தத் தவறு அடிக்கடி நேர்கிறது. சட்டிக்குள்ளேயே கண்கள் ஆழத்தில் புதைந்திருக்கும். நாம் சட்டி மண்ணின் மட்டத்தைப் பார்த்து நட்டுவிடுவோம். குழியில் தளர்வாக இட்ட மண் முதல் மழையில் அமுங்கச் செடி இன்னும் ஓர் அங்குலம் கீழே இறங்கும். அதற்கு மேல் நான்கு ஆண்டு மரச்சீவலும் மட்கி மண்ணாகியிருக்கிறது. எனவே மண்வெட்டியைத் தொடாமல், ஒரு தண்டின் அடியில் விரலால் மெதுவாகக் கிளறி, வெளிறிய தண்டு எந்த இடத்தில் தடித்த வேரோடு சேர்கிறது என்று பாருங்கள். அளவுகோல் ஒன்றைச் செருகி அங்குலத்தைச் சொல்லுங்கள்.

எறும்புகளை விட்டுவிடுங்கள். மொட்டை மூடியிருக்கும் பச்சைப் புற இதழ்களில் இனிப்பான நீர் கசிகிறது. அதைக் குடிக்கவே அவை வருகின்றன. தம் உணவைக் காப்பதற்காக வேறு பூச்சிகளையும் விரட்டுகின்றன. எறும்பு ஏறினால்தான் மொட்டு அவிழும் என்று சொல்பவர்களும் உண்டு, அதுவும் உண்மையன்று. மாமியாரின் மஞ்சள் குழம்புக்கே இருக்கட்டும்.


நீலவேணி (2025 ஜூன் 15)

மார்க்கம் ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் எல்லாப் பழியையும் ஆழத்தின் மேல் போடுவதற்கு முன் செல்வி எழுதியதை இன்னொரு முறை படிக்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகள் மொட்டே இல்லை என்பது ஒரு செய்தி; பிறகு மொட்டு வந்து பட்டாணி அளவில் காய்ந்தது என்பது வேறொரு செய்தி; பருத்த மொட்டு மழைக்குப் பின் கறுத்தது என்பது மூன்றாவது. மூன்றுக்கும் காரணம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

மிக ஆழத்தில் உள்ள செடியில் பெரும்பாலும் மொட்டே தோன்றாது. மொட்டு தோன்றியபின் பட்டாணி அளவில் நின்றுவிடுகிறது என்றால், அதை விரித்து முடிக்கும் அளவுக்குச் செடியிடம் சேமிப்பு இல்லை என்று பொருள். பியோனி ஒரு நாளில் ஆறு மணி நேரமாவது நேரடி வெயிலை எதிர்பார்க்கும் செடி. உங்கள் முற்றத்தில் ஜூன் மாதத்தில்கூட ஐந்து மணி நேரத்தைத் தாண்டுமா என்பது ஐயமே. அதிலும் மேப்பிளில் இலை நிறைந்தபின் இன்னும் குறையும். நோர்வே மேப்பிளின் தொல்லை நிழலோடு முடிவதில்லை. அதன் வேர்கள் மண்ணின் மேல்மட்டத்திலேயே வலைபோலப் பரவி, நீங்கள் ஊற்றும் நீரையும் இடும் பசளையையும் முதலில் எடுத்துக்கொள்ளும். மொட்டு கட்டும் மே மாதத்தில் ஒரு வாரம் மழை தவறினாலும், அல்லது ஓர் இரவு பின்பனி விழுந்தாலும், இப்படி மெலிந்த செடி முதலில் கைவிடுவது மொட்டைத்தான்.

புல்தரைப் பசளையை அடியோடு நிறுத்துங்கள். அதில் தழைச்சத்துதான் மிகுதி. இலை தழைக்கும், தண்டு மென்மையாகும், பூ பின்வாங்கும். உங்கள் செடியின் இலையில் குறை காண முடியாததற்கு அதுவே ஒரு காரணமாக இருக்கலாம்.

கறுத்த மொட்டு எனக்குக் கவலை தருகிறது. அதை வெட்டிப் பாருங்கள். மொட்டு மட்டும் காய்ந்து, கீழே தண்டு பச்சையாக இருந்தால் அது வெறும் வாடல். மொட்டுக்குக் கீழே தண்டும் சில அங்குலம் கறுத்து, ஈரமான காலையில் அதன்மேல் சாம்பல்நிறப் பஞ்சுபோல ஏதேனும் படர்ந்திருந்தால் அது பொட்ரைடிஸ் எனும் சாம்பல் பூஞ்சணம். குளிர்ந்த, மழை மிகுந்த வசந்தத்தில் பியோனியை அதிகம் தாக்குவது அதுதான். அடியில் குவிந்த ஈர மரச்சீவலும் காற்றோட்டம் இல்லாத மூலையும் அதற்கு வசதியாகப் போய்விடும். ஒன்ராறியோவில் தோட்ட அழகுக்காக வேதிக் கொல்லிகளைப் பயன்படுத்துவது 2009 முதல் தடைசெய்யப்பட்டிருப்பதால், கடையில் மருந்து தேடுவதைவிடச் சுத்தம் பேணுவதுதான் வழி. நோயுற்ற தண்டை நல்ல பகுதிவரை வெட்டி, கத்தரியை மதுசாரத்தால் துடைத்து, வெட்டியதை உங்கள் கூட்டெருக் குவியலில் போடாமல் அப்புறப்படுத்துங்கள். இலையுதிர் காலத்தில் தண்டுகள் அனைத்தையும் தரையோடு வெட்டி அகற்றுவதும் இதே காரணத்துக்காகத்தான்: பூஞ்சணம் அந்தக் காய்ந்த தண்டுகளில் தங்கியே பனிக்காலத்தைக் கடக்கிறது.


ஸ்காபரோ செல்வி (2025 ஜூன் 16)

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை கிளறிப் பார்த்தேன். மரச்சீவலும் அதன் கீழிருந்த மட்கிய படலமுமே ஒன்றரை அங்குலம். அதற்குக் கீழே உண்மையான மண் இரண்டரை அங்குலம். ஆக நான்கு அங்குல ஆழத்தில்தான் தண்டு வேரோடு சேர்கிறது. மரச்சீவலை உடனே வாரி எடுத்துவிட்டேன். கறுத்த மொட்டின் கீழே தண்டும் மூன்று அங்குலத்துக்குக் கறுத்திருந்தது. இன்று காலையில் பார்த்தபோது நீலவேணி அக்கா சொன்ன சாம்பல்நிறப் படலமும் மெல்லியதாகத் தெரிந்தது. வெட்டி அகற்றிவிட்டேன்.

ஆழம், நிழல், நோய் மூன்றுமே என்றால், இதை இந்த இடத்தில் வைத்திருப்பதில் பொருள் இல்லை என்று தோன்றுகிறது. வீட்டின் பின்புறம் தெற்கு வேலியோரம் நாள் முழுவதும் வெயில் விழும் பாத்தி ஒன்று இருக்கிறது. சென்ற ஆண்டுவரை அதில் கத்தரியும் மிளகாயும் வைத்திருந்தேன். இந்த வார இறுதியிலேயே அங்கே மாற்றிவிடலாமா? இன்னொன்று: பூவும் இல்லை, நோயும் வந்துவிட்டது என்பதால் இலைகளை இப்போதே வெட்டிவிடலாமா?

அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, தமக்கும் ஒரு கிழங்கு கொண்டுவரும்படி சொல்கிறார். அதற்கும் ஒரு பதில் சொல்லிவிடுங்கள்.


ஒட்டாவா தாத்தா (2025 ஜூன் 17)

இந்த வார இறுதியில் செடியைத் தொடவே வேண்டாம், இலையையும் வெட்ட வேண்டாம். இரண்டு கேள்விகளுக்கும் காரணம் ஒன்றே. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த இலைகள் சமைக்கும் உணவுதான் வேருக்குப் போய், அடுத்த ஆண்டுக்கான கண்களாகத் திரள்கிறது. இப்போது இலையை வெட்டினால் வரும் ஆண்டின் பூவை இப்போதே வெட்டியதாகும். புள்ளி விழுந்த இலை ஒன்றிரண்டை மட்டும் கிள்ளுங்கள். வெயில் காய்ந்தால் வாரத்துக்கு ஒருமுறை ஆழமாக நீர் ஊற்றுங்கள், இலையின்மேல் படாமல் அடியில்.

இடம் மாற்றுவதற்குரிய காலம் செப்டம்பர் நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை. அதற்குள் கண்கள் முற்றியிருக்கும். காற்று குளிர்ந்தாலும் மண் சூடாக இருப்பதால், நிலம் உறைவதற்குள் புதிய சிறுவேர்கள் ஓடிவிடும். வசந்தத்தில் மாற்றினாலும் செடி பிழைக்கும். ஆனால் வேரூன்ற வேண்டிய நேரத்தில் இலையையும் தாங்க வேண்டியிருப்பதால் ஓர் ஆண்டு பின்தங்கிவிடும்.

பாத்தியை இப்போதே ஆயத்தம் செய்யுங்கள்; செப்டம்பரில் செடியைக் கையில் வைத்துக்கொண்டு குழி தோண்டுவதுபோல் சலிப்பான வேலை வேறில்லை. ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் தோண்டி, உங்கள் பகுதிக் களிமண்ணோடு நன்கு மட்கிய கூட்டெருவைக் கலந்து திரும்ப நிரப்பி, மழையில் அமுங்க விடுங்கள். நீர் தேங்கும் பாத்தியானால் மண்ணைச் சற்று மேடாக்குங்கள். தேங்கிய நீரில் பியோனி வேர் அழுகிவிடும். பச்சைச் சாணம் வேண்டாம். எலும்புத் தூள் போடச் சொல்வார்கள். நான் போட்ட ஆண்டில் ரக்கூன்கள் இரவோடு இரவாகப் பாத்தியையே புரட்டிப் போட்டுவிட்டன.

மாற்றும் நாளில் தண்டுகளை மூன்று அங்குலம் விட்டு வெட்டுங்கள். செடியின் நடுவிலிருந்து ஓர் அடிக்கு மேல் தள்ளி, தோட்ட வேலைக்கான பெரிய முள்ளுக்கரண்டியால் சுற்றிலும் நெம்பி, மெதுவாகத் தூக்குங்கள். வேர்கள் கரட் கிழங்குபோல் முறியக்கூடியவை. குழாய் நீரால் மண்ணைக் கழுவியபின், நிழலில் ஓரிரு மணி நேரம் வைத்தால் சற்றுத் துவண்டு வளைந்துகொடுக்கும். அப்போதுதான் கண்களை ஒழுங்காக எண்ணலாம், அழுகிய வேர் இருந்தால் நறுக்கி எறியலாம். நான்கு வயதுச் செடியைப் பிரித்தே ஆகவேண்டும் என்பதில்லை. தானாகவே இரண்டாகப் பிரிவதுபோல் தெரிந்தால் மட்டும், ஒவ்வொரு துண்டிலும் மூன்று முதல் ஐந்து கண்களும் நல்ல வேர்களும் இருக்கும்படி கூரிய கத்தியால் வெட்டுங்கள்.

நடும்போது குழியின் குறுக்கே ஒரு நேரான தடியை வைத்து, அந்தத் தடியிலிருந்து கண்வரை ஒன்றரை அங்குலம் இருக்கும்படி வேரை ஏற்றி இறக்கிப் பிடியுங்கள். பாதி மண் போட்டதும் நீர் ஊற்றி அமுங்கவிட்டு, மீண்டும் அளந்து, பிறகு மீதியை நிரப்புங்கள். இந்த இரண்டாவது அளவைத்தான் எல்லோரும் தவிர்த்துவிட்டு, பிறகு மூன்று ஆண்டு காத்திருக்கிறார்கள். அடுத்த செடிக்கும் இதற்கும் இடையே மூன்றடி விடுங்கள். முதல் பனிக்காலத்துக்கு மட்டும், நிலம் உறைந்தபின் மேலே சிறிது வைக்கோல் போடலாம். ஏப்ரலில் அதை மறவாமல் எடுத்துவிட வேண்டும்.

அம்மாவுக்குச் சொல்லுங்கள்: யாழ்ப்பாணத்தில் அது பூக்காது. பியோனியின் கண்கள் உறக்கம் கலைந்து எழுவதற்கு, பல வாரங்கள் தொடர்ந்து கடுங்குளிர் வேண்டும். நம் தோட்டங்களில் நாம் வளர்க்கும் வகைகள் பலவற்றுக்குத் தாயான இனம் சைபீரியாவிலும் வட சீனத்திலும் தானாக வளர்வது. இந்தியாவிலும் ஓர் இனம் உண்டு, ஆனால் அது மேற்கு இமயமலைச் சரிவில். போதாக்குறைக்கு, செடி கொண்டு இறங்குவதற்குத் தாவரத் தனிமைப்படுத்தல் அனுமதியும் வேண்டும். அம்மாவுக்குப் பூவின் படமே போதும், பூத்தபின்.

சாரா பெர்னார்ட் பற்றியும் ஒரு சொல். பிரான்சின் லெமுவான் நாற்றுப்பண்ணை 1906இல் வெளியிட்ட வகை. நூறு ஆண்டு கடந்தும் பூக்கடைகளில் விற்கிறது என்றால் அந்த நறுமணமும் இளஞ்சிவப்பும்தான் காரணம். ஆனால் கனத்த அடுக்குப் பூ. ஒரு மழைக்கே நீரை உறிஞ்சித் தரையில் கவிழ்ந்துவிடும். தளிர் ஒரு சாண் வளரும்போதே கம்பி வளையம் பொருத்திவிடுங்கள். கவிழ்ந்தபின் கட்டினால் துடைப்பத்தைக் கட்டிவைத்ததுபோல் இருக்கும். மழைக்கும் பூஞ்சணத்துக்கும் அஞ்சுபவர்களுக்கு ஒற்றை அடுக்கு, அரை அடுக்கு வகைகளே ஏற்றவை. எங்கள் ஒட்டாவாவில் 1869இல் பிறந்த ஆர்தர் பெர்சி சாண்டர்ஸ், நியூயார்க் மாநிலத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்துகொண்டே உருவாக்கிய கலப்பினங்களில் ‘சித்தேரியா’ என்ற அரை அடுக்கு வகை என்னிடம் இருக்கிறது. எந்த மழையிலும் அதன் தண்டு வளைந்ததில்லை. இவருடைய உடன்பிறந்தார் சார்ல்ஸ்தான் கனடியச் சமவெளியை நிரப்பிய மார்க்விஸ் கோதுமையை உருவாக்கியவர். பேச்சு வேறு பக்கம் போகிறது, நிறுத்திக்கொள்கிறேன்.


மார்க்கம் கொல்லைக்காரர் (2025 ஜூன் 17)

நீலவேணி என்னைத் திருத்தியது சரியே. பூஞ்சணத்தை நான் கவனிக்கவில்லை. தாத்தா சொன்ன வகைகளை நேரில் பார்த்துத் தேர்ந்தெடுக்க விரும்பினால், ஒஷாவாவின் தாவரவியல் தோட்டத்தில் 300க்கும் மேற்பட்ட பியோனி வகைகள் இருக்கின்றன. ஜூன் நடுப்பகுதியில் அங்கே பியோனி விழாவும் நடத்துகிறார்கள். எந்த வகை மழையில் கவிழ்கிறது, எது நிமிர்ந்து நிற்கிறது என்பதை மழை பெய்த மறுநாள் போய்ப் பார்த்தால் எந்த விற்பனைப் பட்டியலும் சொல்லாததை அறிந்துகொள்ளலாம். மஞ்சள் நிறம் வேண்டுவோர் ‘பார்ட்செல்லா’வை அங்கே தேடிப் பாருங்கள். பூண்டுவகைப் பியோனியையும் மரப் பியோனியையும் கலந்த இட்டோ இனத்தைச் சேர்ந்தது அது. 1948இல் அந்தக் கலப்பில் முதலில் வெற்றிகண்ட ஜப்பானியர் தோய்ச்சி இட்டோ, தம் செடிகள் பூப்பதைக் காணாமலே 1956இல் இறந்துபோனார். நான்கு ஆண்டுக்கே நாம் சலித்துக்கொள்கிறோம்.


மிசிசாகா ரதி (2025 ஜூன் 20)

எங்கள் வீட்டில் செடி நன்றாகப் பூக்கிறது. ஆனால் விரிந்து ஐந்தாறு நாளில் உதிர்ந்துவிடுகிறது. ஜூன் இறுதியில் மகளின் சாமத்தியவீட்டுக்கு வைத்திருக்க வழி உண்டா? வீட்டில் பூனை இருப்பதால் அதுவும் சிறு கவலை.


நீலவேணி (2025 ஜூன் 20)

உண்டு. மொட்டு நிறம் காட்டி, விரலால் அழுத்தும்போது கல்லாக இல்லாமல் மார்ஷ்மெல்லோபோல மெத்தென்று இருக்கும் பதத்தில், காலை வேளையில் வெட்டுங்கள். இலைகளை நீக்கி, நீரில் வைக்காமல், செய்தித்தாளில் உலர்வாகச் சுற்றி, பிளாஸ்டிக் பையிலிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் படுக்கவையுங்கள். இரண்டு மூன்று வாரம் அப்படியே இருக்கும். பழங்களை, குறிப்பாக ஆப்பிளை, அதே பெட்டியில் வைக்க வேண்டாம். அவை வெளிவிடும் வாயு மொட்டைக் கெடுக்கும். விழாவுக்கு முதல்நாள் தண்டின் நுனியை மீண்டும் வெட்டி இளஞ்சூட்டு நீரில் நிறுத்தினால் விரிந்துவிடும். ஒரு தண்டில் இரண்டு மூன்று இலைகளையாவது செடியிலேயே விட்டு வெட்டுங்கள். மூன்று வயதுக்குக் குறைந்த செடியில் வெட்டவே வேண்டாம். பூனை கடித்துத் தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம்; எட்டாத உயரத்தில் வையுங்கள்.


ஸ்காபரோ செல்வி (2025 செப்டம்பர் 28)

நேற்று மாற்றிவிட்டேன். தாத்தா சொன்னபடி ஜூலையிலேயே குழி வெட்டி நிரப்பிவைத்ததால் நடும் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. தோண்டி எடுக்கத்தான் மூன்று மணி நேரமாயிற்று. மேப்பிளின் வேர்கள் பியோனியின் வேர்களுக்கு உள்ளேயே கை விரலைக் கோத்ததுபோல் நுழைந்திருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக வெட்ட வேண்டியிருந்தது. கழுவியபின் எண்ணினால் ஒன்பது கண்கள். ஒரு பக்கத்து வேர் முனை மெத்தென்று பழுத்திருந்ததால் அதை நறுக்கி எறிந்தேன். அப்போது செடி தானாகவே மூன்று துண்டானது: நான்கு கண், மூன்று கண், இரண்டு கண்.

முதல் இரண்டையும் வேலியோரம் மூன்றடி இடைவெளியில் நட்டிருக்கிறேன். தடியை வைத்து அளந்தபோது சரியாக இருந்த துண்டு, நீர் ஊற்றியதும் முக்கால் அங்குலம் இறங்கியது. மீண்டும் தூக்கி வைத்தேன். இலைகளும் தண்டுகளும் மாநகரம் எடுத்துச் செல்லும் பழுப்புக் காகிதப் பையில் போய்விட்டன. கணவர் பனி வாரும்போது மிதித்துவிடாமல் இரண்டு கம்பி வளையங்களையும் இப்போதே ஊன்றிவைத்திருக்கிறேன்.

இரண்டு கண் துண்டு மட்டும் ஈரமான செய்தித்தாளில் சுற்றிக் கராஜில் இருக்கிறது. நோயுற்ற செடியின் துண்டு என்பதை மறைக்கவில்லை. வேர் சுத்தமாகத்தான் தெரிகிறது. பூக்க மூன்று நான்கு ஆண்டு ஆகலாம். பொறுமை உள்ளவர்கள் யாரேனும் எடுத்துக்கொள்ளலாம்.


மிசிசாகா ரதி (2025 செப்டம்பர் 28)

எனக்கு வேண்டும். குழி நாளை வெட்டிவிடுகிறேன். வியாழக்கிழமை மாலை வந்தால் வீட்டில் இருப்பீர்களா?